மலை வீட்டுக்கு ஒரு குட்டி ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், எதை வாங்கலாம் என்று கேத்தியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கொடைக்கானல்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். சென்னையிலும் மதுரையிலும் இருந்துகொண்டு சொல்லப்படும் ஆலோசனைகள் சூட்டைச் சுற்றியே வரும். நமக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. இங்கே பார்க்க வேண்டியவை சத்தம், ஈரம், கரண்ட்.

டிவியில் ஒரு ஸ்டிக்கைச் செருகினால் போதாதா? கம்ப்யூட்டர் எதற்கு?

ஓடிடி மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் ஸ்டிக்கே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவதால் எனக்குப் பாதி வியாபாரம் போகிறது, பரவாயில்லை. வீட்டில் சொந்தமாக ஏதாவது சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும்: கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ஆண்டுவிழா, டிவிடியாக வாங்கிய பழைய படங்கள், இருபது வருடப் போட்டோக்கள். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து நெட் இரண்டு நாள் வராவிட்டாலும், பெட்டிக்குள் இருப்பது ஓடும். கூடலூர், தேவாலா பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எந்த பிராசசர் வாங்கலாம்?

புதிதாக வாங்கினால் இன்டெல் என்100, அல்லது அதற்குப் பின் வந்த என்150. என்100 2023இல் வந்தது. நான்கு கோர் (கணக்குப் போடும் மூளை), மின்சாரக் கணக்கு 6 வாட். கேட்க நோஞ்சான் மாதிரி இருக்கும். ஆனால் படம் காட்டும் வேலையை பிராசசரின் கோர்கள் செய்வதில்லை, கிராபிக்ஸ் பகுதிக்குள் இருக்கும் தனிச் சுற்று செய்கிறது. அந்தச் சுற்றுக்கு எந்தெந்த வீடியோ வடிவம் தெரியும் என்பதுதான் கேள்வி. எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். என்100க்கு நான்கும் தெரியும்.

கடைசியாகச் சொன்ன ஏவி1தான் பலரும் சறுக்கும் இடம். யூடியூப் இதை நிறையப் பயன்படுத்துகிறது. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து வருகிறது. ஏஎம்டியில் ரைசன் 5600ஜி நல்ல வேகமான சிப்தான், ஆனால் அதன் கிராபிக்ஸ் பழைய வேகா என்பதால் ஏவி1 தெரியாது. விலை கூடக் கொடுத்துவிட்டு, படம் காட்டும் விஷயத்தில் என்100ஐவிடக் குறைவாக வாங்கியதாக ஆகிவிடும். விளையாட்டும் வேண்டும் என்றால் கணக்கு வேறு, அது வேறு பெட்டி.

ஆபீஸில் கழித்த குட்டிக் கம்ப்யூட்டர்கள் மலிவாக வருகின்றனவே?

நல்ல சரக்குதான். டெல், எச்பி, லெனோவா மூன்று பேரும் டிபன் டப்பா அளவில் ஒரு வரிசை விற்றார்கள். வாங்கினால் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் பழையது என்றால் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடுவதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஒரு பொறி உண்டு. 8ஆம், 9ஆம், 10ஆம் தலைமுறைப் பெட்டிகளில் டிவிக்கு வயர் செருகும் எச்டிஎம்ஐ வாய் இருந்தாலும் அது பெரும்பாலும் பழைய 1.4 பதிப்பு. அதில் 4கே படம் நொடிக்கு 30 பிரேம்தான் போகும், மவுஸ் அம்பே இழுத்து இழுத்து நகரும். பக்கத்தில் இருக்கும் டிஸ்பிளே போர்ட்டில் இருந்து, எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் கன்வர்ட்டர் ஒன்று போட்டால் 60 வரும். கன்வர்ட்டரில் "ஆக்டிவ்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா கம்பியை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மலிவுச் சரக்கில் இது நடக்காது.

ராஸ்பெர்ரி பை?

கையளவு ஒரே போர்டில் முழுக் கம்ப்யூட்டர். சின்னது, சத்தம் குறைவு, டிவி ரிமோட்டிலேயே இயங்கும். ஆனால் பை 5இல் எச்இவிசிக்கு மட்டுமே தனிச் சுற்று இருக்கிறது, ஏவி1க்கு இல்லை. சொந்தச் சேகரிப்பை லிப்ரெலெக் என்ற இயங்குதளம், அதில் ஓடும் கோடி (Kodi) என்ற படம் காட்டும் மென்பொருள் வழியாகப் பார்ப்பவருக்கு நல்லது. யூடியூபே கதி என்பவருக்கு வேண்டாம். பெட்டி, அடாப்டர், கார்டு எல்லாம் சேர்த்தால் விலையும் என்100 பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஃபேன் இல்லாத பெட்டி அவசியமா? ஃபேன் சத்தம் அவ்வளவு பெரிய விஷயமா?

சமவெளியில் இல்லை. அங்கே தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடும், ஏசி ஓடும், கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் அதிலேயே அடங்கிவிடும். நம் வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்தினால், பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கும்.

சில வருடம் முன்பு எனக்கென்று ஒரு பெட்டி கட்டினேன். 17 சென்டிமீட்டர் சதுர மினி ஐடிஎக்ஸ் போர்டு, வேகமான பிராசசர், அதன் தலையில் ஒரு தட்டை ஃபேன். கடையில் வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டில் படம் போட்டு, கதாநாயகி அழுதுகொண்டு நிற்கும் காட்சி வந்தது. அம்மா கேட்டாள்: "என்னடா, டிவிக்குப் பின்னாடி குளவி பூந்திருச்சா?" அந்தப் பெட்டி இப்போது கடையில் பில் போடுகிறது.

ஃபேன் சின்னதாக இருந்தால் வேகமாகச் சுற்ற வேண்டும், வேகம் கூடினால் கீச்சுக் குரல் வரும். அதனால் ஒன்று, உலோகக் கூடே சூட்டை வெளியேற்றும் ஃபேன் இல்லாத என்100 பெட்டி. அல்லது கொஞ்சம் பெரிய கூடும் மெதுவாகச் சுற்றும் 12 சென்டிமீட்டர் ஃபேனும். நம் ஊர் குளிரில் ஃபேன் இல்லாத பெட்டி ஏப்ரல் மாதத்தில்கூடத் திணறாது. கூட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதே என்று பயந்துகொண்டு வருகிறார்கள். சூடு கூட்டுக்கு வந்தால்தான் சிப்பைவிட்டு வெளியேறியதாக அர்த்தம்.

இவ்வளவு உயரத்தில் கம்ப்யூட்டருக்கு ஏதும் ஆகாதா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த காற்றையே தள்ளும். ஆனால் அந்தக் காற்று சென்னைக் காற்றைவிடப் பதினைந்து டிகிரி குளிர்ந்தது. லாபம் நம் பக்கம்தான். ஹார்டு டிஸ்குகளுக்குப் பெரும்பாலும் 3,048 மீட்டர் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637தான்.

யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அடாப்டரைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். சீனாவில் விற்கத் தயாரான பல அடாப்டர்களில் ஒரு குட்டி மலைப் படமும் 2000 மீட்டர் என்ற எண்ணும் இருக்கும், அந்த உயரத்துக்குக் கீழே பயன்படுத்தவும் என்று பொருள். காற்று மெலிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவது எளிதாகிறது. அடாப்டருக்குள் இருக்கும் இடைவெளிகளை 2,000 மீட்டரை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கவலை இல்லை. ஊட்டியும் கொடைக்கானலும் கோட்டுக்குச் சற்று மேலே. இதனால் வெடித்த அடாப்டரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் 5000 என்று போட்ட அடாப்டர் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன், பெயர் தெரியாத அடாப்டரைத் தொடவே வேண்டாம்.

மழைக்காலத்தில் துணியே காயாது. கம்ப்யூட்டர் என்ன ஆகும்?

இதுதான் நம் ஊரின் முதல் எதிரி. என்னிடம் வரும் செத்துப்போன போர்டுகளில் பாதிக்கு மேல் சூட்டால் சாகவில்லை, ஈரத்தால் செத்தவை. ரேம் செருகும் பள்ளத்தில் பச்சை படிந்திருக்கும், யுஎஸ்பி வாயில் துரு. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் சில உயிர் பெறும். கையில் ஒட்டும் கறுப்பு அழுக்கைப் பார்த்தால் ஏன் நின்றது என்பது புரியும்.

மருந்து நம் வீடுகளிலேயே இருக்கிறது. துணி அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரிய விடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? வெளிச்சத்துக்கு அல்ல, வெதுவெதுப்புக்கு. சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும் பொருளின் மேல் பனி படியாது. ஃபேன் இல்லாத என்100 பெட்டியை நிறுத்தாமல் விட்டால் அதுவே அந்த பல்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான் அதை நிறுத்துவதே இல்லை. குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது, அவர்கள் அப்போது இதைச் செய்யலாம்.

ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் உடனே சுவிட்சைத் தட்டாதீர்கள். வீடு குளிர்ந்து கிடக்கும். நீங்கள் ஹீட்டரைப் போட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்ததும் ஈரக்காற்று சூடாகி, இன்னும் ஜில்லென்று இருக்கும் பெட்டிக்குள் போய் நீர்த்துளியாக உட்காரும். காபி குடியுங்கள், குளியுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் வெளியிலிருந்து சமையலறைக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? அதேதான்.

டிவிக்குப் பின்னால் சுவரில் மாட்டலாமா?

உள்சுவர் என்றால் மாட்டலாம். வெளிச்சுவர் என்றால் வேண்டாம், மழைக்காலத்தில் அது வியர்க்கும். மாட்டியே ஆக வேண்டும் என்றால் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு விரல் இடம் விடுங்கள். பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே டிவி வைக்கிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் புகைக்கரி கம்ப்யூட்டர் ஃபேனில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து தாராகிவிடும். அங்கேயும் ஃபேன் இல்லாத பெட்டிதான்.

ரேம், எஸ்எஸ்டி எவ்வளவு?

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதற்கு மேல் படம் பார்க்கத் தேவையில்லை. ரேம் போர்டிலேயே பற்றவைக்காமல் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும்.

படங்களை எதில் வைப்பது?

முதலில் அளவைக் கணக்கிடுங்கள். ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, அப்படி இருநூறு வைத்திருந்தாலும் 1 டிபிக்குள் அடங்கும். அதற்கு 1 டிபி எஸ்எஸ்டியே போதும், சத்தம் அறவே இல்லை. 4கே படங்கள் சேர்ப்பவர் என்றால் ஒன்றே 50, 60 ஜிபி தின்னும். அப்போது ஹார்டு டிஸ்க்தான் கட்டுப்படியாகும். அதை வேறு அறையில் வைத்துவிட்டு நெட்வொர்க் வழியாகப் படம் போடுங்கள், கறக் கறக் சத்தம் கூடத்துக்கு வராது.

டிவிடிகளைக் கணினிக்கு மாற்ற நினைத்திருந்தால் இந்த வருடமே மாற்றிவிடுங்கள். நம் ஊரில் டிஸ்குகளிலும் பூஞ்சை பிடிக்கிறது. போன மாதம் ஓர் அக்கா தன் கல்யாண டிஸ்கைக் கொண்டுவந்தார், விளிம்பில் சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடுகள். கழுவித் துடைத்து மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முகூர்த்தம் வந்தது, பந்தி வரவில்லை.

அடிக்கடி கரண்ட் போகிறது. யுபிஎஸ் வேண்டுமா?

வேண்டும், ஆனால் டிவிக்கு அல்ல. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி, அதில் பாதி கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். என்100 பெட்டி, ரவுட்டர் இரண்டும் சேர்ந்து இருபது வாட் சொச்சம், ஒன்றரை மணி நேரம் தாங்கும். டிவியையும் அதில் செருகினால் இருபது நிமிடம். குளிரில் ஈய பேட்டரி இன்னும் கொஞ்சம் சுருங்கும், ஜனவரி உறைபனியில் அது தெரியும்.

இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் பெட்டியின் அடாப்டர் 12 வோல்ட் என்றால், ரவுட்டருக்கு விற்கும் மினி யுபிஎஸ்ஸிலேயே ஓட்டலாம். ஆம்பியர் போதுமா என்று அடாப்டரில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 19 வோல்ட் பெட்டிக்கு இது ஆகாது.

விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் டிவிக்குப் பின்னால் கைவிட்டு பட்டனைத் தேட வேண்டும். வெளி ஹார்டு டிஸ்க் எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் மாற்றிவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது எளிதில் குழம்பிவிடும். விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் என்றால் இஎக்ஸ்டி4.

கரண்ட் போகாமலேயே பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஒருவர் மூன்று முறை கொண்டுவந்தார். கடையில் வைத்தால் கல் மாதிரி ஓடும். கடைசியில் நானே வீட்டுக்குப் போனேன். டிவி செருகிய எக்ஸ்டென்ஷன் போர்டிலேயே 2,000 வாட் ரூம் ஹீட்டர். அது ஒவ்வொரு முறை சூடாகத் தொடங்கும்போதும் பல்பு மங்கியது, பெட்டி அணைந்து எழுந்தது. ஹீட்டருக்குச் சுவரில் தனி பவர் பிளக் கொடுங்கள்.

இடி, மின்னல்?

கோடை மழை சமயத்தில் கவனம். பலரும் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். மஞ்சூர் பக்கம் ஒரு வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கியிருந்தும் கம்ப்யூட்டர் செத்தது. மின்னல் கேபிள் டிவி வயர் வழியாக வந்து, செட்டாப் பாக்ஸைத் தாண்டி, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் அங்கிருந்து பெட்டிக்கும் போயிருந்தது. வீட்டுக்குள் வரும் உலோகக் கம்பி எதுவானாலும் அது வழிதான். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த ஆபத்து குறைவு. பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். பாறை மண்ணில் எர்த் குழி காய்ந்து வேலை செய்யாமல் போவது நடக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நாள் முழுக்க ஓடினால் பில் எகிறாதா?

10 வாட் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை அப்படி விட்டால் 86 யூனிட். நமக்கு இலவசமாக வரும் நூறு யூனிட்டில் அது ஒன்றே பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

வைஃபை போதுமா?

புது வீடுகளில் போதும். கருங்கல் சுவர் பங்களாவில் போதாது, ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் சிக்னல் களைத்துவிடும். கேட்6 நெட்வொர்க் வயர் இழுத்துவிடுங்கள். பெட்டியில் அந்த வயரைச் செருகும் லேன் வாய் கிகாபிட்டாக (1,000 மெகாபிட்) இருக்கட்டும். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் வாய் 100 மெகாபிட்தான், கனமான 4கே படம் அதில் திக்கும்.

கம்ப்யூட்டரில் ஓடிடி 4கேயில் வருமா?

லினக்ஸில் வராது. நெட்ஃபிளிக்ஸுக்கு விண்டோஸில் எட்ஜ் பிரவுசர் அல்லது அவர்களின் ஆப் வேண்டும், எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு வசதி உள்ள டிவி வேண்டும், இன்னும் பட்டியல் நீளும். மல்லுக்கட்டாதீர்கள். ஓடிடிக்கு டிவியின் ஆப், சொந்தச் சேகரிப்புக்குக் கம்ப்யூட்டர்.

கேமரா நகரும் காட்சிகளில் படம் லேசாக வெட்டுகிறது. பிராசசர் போதவில்லையா?

இல்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம், டிவியோ 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. எனவே ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் வருகிறது. அந்த நொண்டல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கோடியில் வீடியோவுக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் அமைப்பு உண்டு, போட்டுவிடுங்கள். இதற்காக யாரும் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

டிவி ரிமோட்டிலேயே எல்லாம் நடக்குமா?

ராஸ்பெர்ரி பையில் நடக்கும். மற்ற பெட்டிகளில் டிவி ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ வழியாகக் கேட்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவரோடு வரும் ஏர் மவுஸ் ரிமோட் ஒன்று வாங்குங்கள். ரிமோட் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அந்த ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தால், அதன் ரேடியோ இரைச்சல் ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். அரை அடி யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

ஆன்லைனிலா, கோயம்புத்தூர் போயா?

எங்கே வாங்கினாலும், கெட்டுப்போனால் யார் தூக்கிக்கொண்டு போவது என்பதை முதலில் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில் என்றால் ஊட்டியிலிருந்து போக 85 கிலோமீட்டர், அதில் மேட்டுப்பாளையம் வரை வளைவுதான். ஒருமுறை ஒரு பெட்டியை நானே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "அடாப்டர் கொண்டுவரவில்லையா சார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். போவதானால் பில், அடாப்டர், வந்த அட்டைப்பெட்டி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் நேரத்தில் சனி, ஞாயிறு மட்டும் கிளம்பாதீர்கள்.